பாளையமும் ஜமீனும்: ஒரு சொல்லாராய்ச்சி

கயத்தாற்றுப் பெருவழியிற் செல்லும் நம்மவர், அங்குள்ள வீரபாண்டியக் கட்டபொம்மனார் சிலையின்முன் சிறிது நின்று செல்லுதல் வழக்கம். 1970-ஆம் ஆண்டு நடிகர் சிவாஜி கணேசன் அவர்கள் நிறுவிய சிலை அது. அதன் முன்னர் நின்று, "இவர்தாம் பாஞ்சாலங்குறிச்சி ஜமீன்தார்" என்று தந்தையர் தம் மக்கட்குச் சொல்லுதலை யாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். சொல்வோர் அன்பினாற் சொல்லுகின்றனர். ஆயினும் அக்கூற்றுப் பிழையுடையது. கட்டபொம்மனார் பாளையக்காரர், சன்னது பெற்ற ஜமீன்தார் அல்லர். அவர் மாண்டு சில ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்நாட்டில் அத்தகைய ஜமீன்தார் என்போர் தோன்றினர்.

இரண்டும் ஒரு பொருட் சொற்கள்தாமே, இவற்றுள் வேறுபாடு காண்பதனால் வரும் பயன் யாது என்று அன்பர்கள் வினவக்கூடும். யாமும் நெடுநாள் அங்ஙனமே கருதியிருந்தோம். எம் கருத்தை மாற்றியது ஒரு நிகழ்ச்சி.

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் குடும்ப வரலாறுகள் எழுதியனுப்புமாறு அன்பர்களைக் கேட்டிருந்த காலம். கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவர், தம் பேரனை உடனழைத்துக்கொண்டு எம் இல்லத்திற்கு வந்தார். மடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சட் டுணியில் முடிந்திருந்த பழந்தாள்கள் சிலவற்றை எடுத்து வைத்தார். "வாத்தியாரையா! இவை எம் பாட்டனார் வைத்துவிட்டுப் போனவை. ஜமீன் முத்திரை இருக்கிறது, பாருங்கள். எங்கள் வீடும் ஜமீன் வழிதான் என்று மலரிலே எழுதிவிட வேண்டும்" என்றார். பேரனும் அதனையே விரும்பினான். அவன் திருமண அழைப்பிதழில் அச்சொல்லை அச்சிடுவதாக இருந்தது.

தாள்களை விரித்துப் பார்த்தோம். பசலி 1320 என்று ஆண்டு குறித்திருந்தது. அஃதாவது 1910-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்கிய ஆண்டு. தலைப்பில் அருகிலிருந்த ஒரு ஜமீனின் முத்திரை தெளிவாக இருந்தது. கீழே பெரியவருடைய பாட்டனார் பெயரும், அவர் உழுத புன்செயின் அளவும், செலுத்தவேண்டிய தீர்வையும் எழுதப்பட்டிருந்தன. பெயருக்கு முன்னர் ஒரு சிறு சொல் இருந்தது. அச்சொல்லை யாம் உடனே சொல்லவில்லை. "பாட்டையா! ஒரு வாரம் பொறுங்கள், முறையாகப் பார்த்துச் சொல்லுகின்றோம்" என்று கூறி அனுப்பினோம். அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

பாளையம் என்னுஞ் சொல்

முதற்கண் பாளையம் என்பதனை நோக்குவோம். படை சென்று தங்கும் இடத்தைப் பழஞ்செய்யுட்கள் பாசறை என்றும், பாடி என்றும், கட்டூர் என்றும் வழங்கின. பாளையம் என்பது பிற்கால வழக்கு. எனினும் பொருள் அதுவே: படை இறங்கியிருக்கும் இடம், அதன்வழிப் படை. தெலுங்கிற் பாளெமு என்றும் கன்னடத்திற் பாளெய என்றும் இதன் இனச்சொற்கள் உள்ளன. தமிழ்க் கிறித்தவர்தம் திருமறையில், சேனை ஓரிடத்தில் தங்குதலைப் 'பாளயமிறங்குதல்' என்று மொழிபெயர்த்திருத்தலை இன்றுங் காணலாம். நம் பாளையங்கோட்டையின் பெயரும் படையையும் அரணையும் ஒருங்கே காட்டுவதாகும். உத்தமபாளையம், இராசபாளையம், மேட்டுப்பாளையம் என வரும் ஊர்ப்பெயர்களில் இச்சொல் இன்றும் வாழ்கின்றது.

பாளையப்பட்டு என்பதில் வரும் பட்டு என்பது சிற்றூர். செங்கழுநீர்ப்பட்டு என்னும் ஊர்ப்பெயரில் அஃதுண்டு. ஆகவே பாளையப்பட்டு என்பது படையைத் தாங்குதற்கென விடப்பட்ட ஊர்த்தொகுதி எனப் பொருள்படும். இங்கே ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். இச்சொல்லின் எப்பகுதியிலும் 'நிலத்துக்கு உடையவன்' என்னும் பொருள் இல்லை. படை உண்டு, ஊர் உண்டு, உடைமை இல்லை.

வரலாறும் இதற்கு ஒத்தே நிற்கின்றது. 1529-ஆம் ஆண்டளவில் மதுரையில் ஆட்சி தொடங்கிய விசுவநாத நாயக்கரும், அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுள் ஒவ்வொன்றன் காவலும் ஒவ்வொரு பாளையக்காரர் பொறுப்பில் இருந்தது என்பர். பாளையத்து வருவாயை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றை மதுரைக்குச் செலுத்தி, ஒரு கூற்றாற் படையைப் புரந்து, எஞ்சிய ஒரு கூற்றைத் தம் செலவுக்கு வைத்துக்கொள்ளுதல் முறை. அரசன் அழைத்தபோது படையொடு சென்று நிற்றல் கடமை.

கர்னல் மெக்கன்சி என்னும் ஸ்காட்லாந்தியர் காலத்தில் தொகுக்கப்பெற்ற பாளையப்பட்டு வம்சாவளிகளைக் கற்போர் இதனை எளிதில் உணர்வர். அவற்றுட் பல, 'எம் முன்னோன் இன்ன அரசனுக்கு இன்ன பணி செய்தான். அதன்பொருட்டு இப்பாளையம் அவனுக்கு வந்தது' என்னும் முறையில் அமைந்துள்ளன. அக்கதைகளிற் கற்பனை கலந்திருத்தல் கூடும். எனினும் பாளையம் பணிக்கு ஈடாக வந்தது என்னும் எண்ணம் அவற்றுள் ஊடுருவி நிற்கின்றது.

காவல் என்னும் கடமை

பாளையக்காரரின் பணிகளுட் குடிமக்களை நேரே தொட்டது காவல். தம் ஊரைக் காத்தல் தலக்காவல். தம் எல்லைக்கு அப்பாலுள்ள ஊர்களையும் வழிகளையும் காத்தல் திசைக்காவல். இதற்கென ஊரார் கூலி கொடுத்தனர். களவு போயின் காவற்காரன் கள்வனைப் பிடித்துப் பொருளை மீட்டல் வேண்டும். மீட்க இயலாதாயின் அப்பொருளுக்கு ஈடு தரல் வேண்டும். இன்று போலீசு என்பதற்கு நாம் வழங்கும் காவல்துறை என்னும் பெயரில் அப்பழஞ்சொல் நின்று நிலவுகின்றது.

அம்முறையில் எல்லாம் நலமாகவே நடந்தன என்று யாம் சொல்லவில்லை. மதுரை அரசு தளர்ந்த காலத்துப் பாளையக்காரருட் சிலர் காவற்கூலியை மேன்மேலும் உயர்த்தினர். காவல் வேண்டாத ஊர்களிடத்தும் வலிந்து பெற்றனர். தம்முட் பொருது கதிர் விளைந்த வயல்களை அழித்தனர். இவற்றை மறைப்பது வரலாறாகாது. ஆயினும் குறையைக் குறை என்று காட்டுதற்கு ஓர் அளவுகோல் அன்று இருந்தது. 'காவாதவன் கூலி கேட்கலாமோ?' என்று குடியானவன் கேட்டற்கு இடமிருந்தது. பின்வந்த சொல்லில் அவ்விடமும் இல்லாதொழிந்தது.

கயத்தாற்றில் நிகழ்ந்தது

நாயக்கர்க்குப் பின் ஆர்க்காட்டு நவாபுகள் பாளையக்காரரிடத்துக் கப்பம் பெறும் உரிமை கொண்டாடினர். கடனில் ஆழ்ந்த நவாபு, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் அதிகாரத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் விட்டார். கணக்கும் தவணையுமே கண்ணாகக் கொண்ட வணிகர் கையில் அவ்வதிகாரம் வந்தபின், பாளையக்காரர் ஆண்ட தலைவராகத் தோன்றாது, பாக்கிக்காரராகத் தோன்றலாயினர். கிஸ்தி என்னுஞ் சொல்லை 1959-இல் வெளிவந்த கட்டபொம்மன் திரைப்படத்தால் நம் சிறுவர் யாவரும் அறிவர். அது தவணைப் பணம் எனப் பொருள்படும் அரபுச்சொல் வழி வந்தது.

பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1799-ஆம் ஆண்டு செப்டெம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மனார் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் நாள் இக்கயத்தாற்றில் விசாரிக்கப்பெற்று, அன்றே தூக்கிலிடப்பெற்றார். ஏனைப் பாளையக்காரரை அங்கு வரவழைத்து, அவர் காணவே அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்கள் கண்டது ஒரு வீரரின் சாவு மட்டுமன்று. தம் பெயரின் சாவுமாகும். என்னை? அடுத்துப் பிறந்த ஆணைகளைக் காண்க. பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்கள் பறிக்கப்பட்டன. ஏனைப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும், படைக்கலங்களை ஒப்படைக்கவும் கட்டளை பிறந்தது. 1801-இல் ஊமைத்துரையார் சிறையினின்று தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீள எழுப்பிப் பொருதார். அவரும் அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பெற்றார். அதன்பின் எதிர்ப்பு ஓய்ந்தது. காவலுரிமையையும் கும்பினியார் தம்பால் எடுத்துக்கொண்டனர்.

படை போயிற்று, கோட்டை போயிற்று, காவலும் போயிற்று. படையில்லாத ஒன்றைப் பாளையம் என்று அழைப்பது எங்ஙனம்? பெயர் மாறியே தீரவேண்டியதாயிற்று.

ஜமீன் என்னுஞ் சொல்

ஜமீன் என்பது பாரசீகச் சொல். மண், நிலம் என்பது அதன் பொருள். தார் என்னும் ஈறு உடையவன், வைத்திருப்பவன் எனப் பொருள்படும். தாசில்தார், ஜமாதார், ஹவில்தார் என நாம் நாளும் வழங்கும் சொற்களிலும் அவ்வீறே உள்ளது. மொகலாயர் ஆட்சியிற் பல்வேறு நிலையினரைச் சுட்டிய ஜமீன்தார் என்னும் பெயருக்கு, 1793-ஆம் ஆண்டு வங்காளத்தில் கார்ன்வாலிஸ் பிரபு செய்த நிரந்தர நிலவரித் திட்டத்தால் நிலவுரிமையாளன் என்னும் பொருள் உறுதிப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குச் சட்டம் அதனைப் பின்பற்றியது. 1803-இல் நம் திருநெல்வேலிச் சீமைப் பாளையங்களுக்கு அதன்படி சன்னதுகள் வழங்கப்பட்டன. அச்சன்னதுக்கு மில்கியத் இஸ்திமிரார் என்று பெயர். மில்கியத் என்பது உடைமை. இஸ்திமிரார் என்பது இடையறாமை.

அன்பர்கள் இவ்விடத்திற் சற்றே நின்று எண்ணல் வேண்டும். முன்னைய சொல்லில் இருந்தது படை. பின்னைய சொல்லில் இருப்பது மண். முன்னையது கடமையைச் சுட்டிற்று. பின்னையது உடைமையைச் சுட்டுகின்றது. பாளையக்காரர் ஆண்டுதோறும் செலுத்தும் பேஷ்கஷ் என்னும் தொகை நிலையாக வரையறுக்கப்பட்டது. அதனைத் தவணை தவறாது செலுத்துதலே தலையாய கடமையாயிற்று. தவறினால் ஜமீன் ஏலத்துக்கு வரும். காக்கும் கடமை கழிந்தது. பல தலைமுறையாக அம்மண்ணைக் கொத்தியும் உழுதும் கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்த குடிகள், ஒரு தாளின் வலியால், பிறர் மண்ணில் உழுபவர் என்னும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

இதற்குமுன் நம் நாட்டில் நிலத்தை ஒருவனுக்கே உரியதாக எண்ணும் வழக்கம் இல்லை. விளைவை மேல்வாரம், குடிவாரம் என இரண்டாகப் பகுத்தனர். மேல்வாரம் ஆள்பவனுக்கு உரியது; குடிவாரம் உழுபவனுக்கு உரியது. ஒரே நிலத்தில் இருவர்க்கும் உரிமை உண்டு. சன்னதுச் சட்டத்தில் இடையறா உடைமை என்று எழுதப்பட்டபோது, குடிவாரம் உடையவன் நிலை யாது என்னும் வழக்கு எழுந்தது. அவ்வழக்குத் தீர நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அணித்தாயின.

1865-ஆம் ஆண்டுச் சட்டம், ஜமீன்தார் குடிக்குப் பட்டா கொடுத்தலும், குடி ஜமீன்தாருக்கு முச்சலிகை எழுதிக்கொடுத்தலும் வேண்டும் என்றது. 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச்சட்டம், ஜமீன் நிலத்தை உழும் குடிக்கு அந்நிலத்தில் நிலைத்த சாகுபடி உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. 1937-இல் அமைந்த காங்கிரசு மந்திரிசபையில் வருவாய் அமைச்சராயிருந்த தங்குதூரி பிரகாசம் அவர்கள் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, 1938-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மண்ணுக்கு உரியவன் உழும் குடியே. ஜமீன்தார் வரி தண்டுபவரே என்பது அதன் முடிபு. நூல்வழக்காகத் தோன்றும் சொல்லாராய்ச்சி எத்துணைப் பெரிய பொருளைத் தாங்கி நிற்கின்றது என்பதற்கு இஃது ஒன்றே சான்று. 'ஜமீன்தார்' என்பதற்கு நிலமுடையவன் என்பது பொருளா, நிலவரி கொள்பவன் என்பது பொருளா என்னும் வினாவில் இலக்கக் கணக்கான குடும்பங்களின் வாழ்வு தொங்கிற்று.

இறுதியில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அவர்கள் முதலமைச்சராயிருந்தபோது, 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிக்கப்பெற்று இரயத்துவாரி முறைக்கு மாற்றப்பட்டன. குடிகள் தாம் உழுத நிலத்துக்கு நேரே அரசினிடம் பட்டாப் பெற்றனர். ஜமீன்தார்க்கு இழப்பீடும், சட்டப்படி அவர்தம் சொந்தப் பண்ணை நிலங்களும் கிடைத்தன.

ஊர்ப்பெயர்களில் எஞ்சியவை

ஜமீன் ஒழிந்தது; சொல் ஒழியவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஜமீன் சிங்கம்பட்டி என ஓர் ஊரும், அயன் சிங்கம்பட்டி என மற்றோர் ஊரும் உள்ளன. அயன் என்பது, இடையில் ஜமீன்தார் இன்றிச் சர்க்காருக்கே முழுத்தீர்வை செலுத்தும் நிலத்தைக் குறிக்கும் வருவாய்த்துறைச் சொல். நான்முகனைக் குறிக்கும் அயன் என்பதனோடு இதற்குத் தொடர்பில்லை. நம் கரிசற் சீமையிலும் அயன் வடமலாபுரம், அயன் பொம்மையாபுரம் என ஊர்கள் உள்ளன. வரி யாரிடம் செலுத்தப்பட்டது என்பதை ஊர்ப்பெயரே சொல்லிக்கொண்டிருக்க, அங்கு வாழ்வோரும் அதனை அறியாது வழங்குகின்றோம். நம் பள்ளி மாணவர் தம் ஊர்ப்பெயரின் பொருளைத் தேடத் தொடங்கின் வரலாற்றுப் பாடத்திற் பாதியைத் தாமே கற்றுக்கொள்வர்.

ஜமீன்களால் விளைந்த நலமே இல்லை என்பது எம் கருத்தன்று. எட்டயபுரம் அரண்மனை புலவர்களையும் இசைவாணரையும் போற்றியது. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் அவ்வூரிலேயே மறைந்தார். சுப்பிரமணியன் என்னும் இளைஞர்க்குப் பாரதி என்னும் பட்டம் கிடைத்ததும் அவ்வூர்ப் புலவரவையிலேதான். பாட்டும் பண்ணும் அங்கே வளர்ந்தமைக்கு நன்றி கூறுவோம். அதனோடு, அவற்றைத் தாங்கிய பொருள் கரிசற்காட்டுப் பருத்தியினின்றும் தானியத்தினின்றும் வந்தது என்பதையும் நினைவு கூர்வோம்.

பெரியவர்க்கு யாம் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். இம்முறையும் பேரன் உடன்வந்தான். யாம் தாளை எடுத்து அவர்முன் விரித்தோம்.

"பாட்டையா! இது பட்டா. பட்டாவை எழுதிக் கொடுப்பவர் ஜமீன்தார். வாங்கி வைத்துக்கொள்பவர் குடி. முச்சலிகையோ குடி எழுதிக் கொடுப்பது. அது ஜமீன் கச்சேரியில் இருக்கும். உங்கள் வீட்டிற் பட்டா இருக்கின்றது. முத்திரை அவர்களுடையது, பெயர் உங்கள் பாட்டனாருடையது. பெயருக்கு முன்னர் எழுதியிருக்கும் சொல் 'குடி' என்பது" என்றோம்.

பெரியவர் முகம் வாடிற்று. பேரன் தாளை மடிக்கத் தொடங்கினான். சிறிதுநேரம் ஒருவரும் பேசவில்லை. அந்த வாட்டத்தைக் கண்டபோது எமக்கும் வருத்தமே உண்டாயிற்று. எனினும் இல்லாததை எழுதித் தருதல் ஆசிரியர்க்கு அழகன்று.

பின்னர்ச் சொன்னோம்: "ஜமீன் என்னுஞ் சொல் நம் சீமையிற் சன்னதேறியது 1803-இல், ஒழிந்தது 1948-இல். நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளே அதன் ஆயுள். பாளையம் என்பது அதனினும் சில நூற்றாண்டுகள் மூத்தது. குடி என்பதோ தமிழோடு உடன்பிறந்த சொல். வள்ளுவர் குடிமை என்று ஓரதிகாரமும் குடிசெயல்வகை என்று ஓரதிகாரமும் வகுத்தார். குடிசெயல்வகை 103-ஆம் அதிகாரம். அதனை அடுத்து 104-ஆம் அதிகாரமாக அவர் வைத்தது உழவு. குடியை உயர்த்துவதும் மண்ணை உழுவதும் அருகருகே நிற்கின்றன. உங்கள் பாட்டனாரை அந்தத் தாள் குடி என்று அழைத்தது இழிவன்று. 1908-இல் அச்சொல்லுக்குத்தான் சட்டம் உரிமை தந்தது. 1948-இல் அச்சொல்லுக்குத்தான் நிலம் வந்தது. நீங்கள் இன்று உழும் புன்செய் இந்தத் தாளின் வழியாகவே உங்களுடையதாயிற்று."

பெரியவர் நெடுநேரம் அந்தத் தாளையே நோக்கியிருந்தார். பின்னர், "அப்படியானால் எங்கள் பாட்டனார் உழுத காட்டைத்தான் இப்பவும் நாங்கள் உழுகிறோம். வேறொருவர் தயவால் வந்ததில்லை" என்றார். பேரனை நோக்கி, "மடிக்காதே, நடுவிலே கிழிந்துவிடும்" என்று சொல்லித் தாமே அதனைத் துணியிற் சுற்றிக்கொண்டார். அழைப்பிதழில் ஜமீன் என்னும் அடைமொழி இன்றியே அத்திருமணம் இனிது நடந்தேறியது. யாமும் சென்று உண்டு வாழ்த்தி வந்தோம்.

ஆதலின், நம் சங்கத்து அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்துப் பரண்மீதும் பெட்டியடியிலும் பட்டாவோ, முச்சலிகை நகலோ, தீர்வை ரசீதோ, பாகப்பத்திரமோ இருப்பின் எறிந்துவிடாதீர்கள். செல்லரிப்பதன்முன் எடுத்துப் படியெழுதி வையுங்கள். ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும்போது அவற்றில் உள்ளபடியே எழுதுங்கள். ஜமீன் வழியினர் அங்ஙனம் எழுதுக. குடிவழியினர் குடி என்றே எழுதுக. முன்னோரைப் பிறர் பெயரால் அழைத்தல் அவர்களை மறத்தலாகும்.

கயத்தாற்றுச் சிலையின்முன் மக்களோடு நிற்கும் தந்தையரும் இனிப் 'பாளையக்காரர்' என்றே சொல்லுக. அவ்வொரு சொல் பாசறையையும் காவலையும் கோட்டையையும், அவை அழிந்த நாளையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்.